தூங்கி எழுந்த கணினி ஒரே துணுக்கைச் சுழற்றுகிறது: சவுண்ட் டிரைவரில் எங்கே கை வைப்பது?

மடிக்கணினியை மூடி வைத்துத் திறந்த பிறகு பாட்டு நகர்வதில்லை, கடைசியாக ஒலித்த அரைச்சொல் அளவுத் துணுக்கே ஓயாமல் சுழல்கிறது, மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லினக்ஸ். சி மொழி தெரியும். டிரைவரின், அதாவது ஒலிச் சாதனத்தை இயக்கும் நிரலின், மூலநிரலையும் திறந்து பார்த்துவிட்டீர்கள். "எந்த வரியைத் திருத்த வேண்டும்?" என்பது உங்கள் கேள்வி. வரி எண்ணை இங்கிருந்தபடி சொன்னால் அது ஜோசியம். ஆனால் ஒரே துணுக்கு சுழல்கிறது என்ற அந்த ஓர் அடையாளம், பிழை ஒளிந்திருக்கக்கூடிய பரப்பை வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. ஆகவே கேள்வியை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: இந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பிழையுள்ள வரிவரை எப்படிப் போய்ச் சேர்வது? சிறு கணினிப் பலகைகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் சவுண்ட் டிரைவர் எழுதுவது பதினைந்து ஆண்டுகளாக என் வேலை. எழுதிய நேரத்தைவிடத் திருத்திய நேரமே அதிகம்.

எந்தச் சில்லு, லினக்ஸின் மையநிரலான கெர்னலில் எந்தப் பதிப்பு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இன்டெல் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்டி ஆடியோ வரையறையைப் பின்பற்றும் சாதனம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்களுடையது தனி ஒலிச்செயலி கொண்ட புதிய வகை என்றால் ரிஜிஸ்டர் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) பெயர்கள் மாறும். அந்தச் செயலிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்று இன்னொரு சந்தேக நபரும் சேர்ந்துகொள்வார். தேடும் முறை பெரும்பாலும் இதுவேதான்.

பிளேயருக்கும் வன்பொருளுக்கும் நடுவில் இருப்பது நினைவகத்தில் ஒரு வட்டப் பஃபர், அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம். பிளேயர் முன்னால் எழுதிக்கொண்டே போகும். செயலியின் துணையின்றி நினைவகத்தைப் படிக்கும் வன்பொருளான டிஎம்ஏ பின்னால் படித்துக்கொண்டே வரும். கடைசியை எட்டியதும் இரண்டும் முதலுக்குத் திரும்பும். 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல் என்றால் ஒரு ஃபிரேமுக்கு (ஒரு கணத்தில் இரண்டு சேனலின் மதிப்புகளும் சேர்ந்தது) 4 பைட், நொடிக்கு 1,92,000 பைட். பஃபர் 4,096 ஃபிரேம் என்றால் அது 85.3 மில்லிநொடி. அதை நான்கு பீரியடாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1,024 ஃபிரேம், 21.3 மில்லிநொடி. ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் வன்பொருள் ஓர் இன்டரப்ட், அதாவது செயலியைக் கூப்பிடும் சைகை, எழுப்புகிறது. டிரைவர் அதைப் பெற்று, "ஒரு பீரியட் முடிந்தது" என்று லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் மையப்பகுதிக்குச் சொல்கிறது. மையப்பகுதி உடனே டிரைவரின் பாயின்ட்டர் செயற்கூற்றை அழைத்து, "வன்பொருள் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறது. வரும் எண்ணை வைத்துத்தான் எவ்வளவு இடம் காலி என்று கணக்கிட்டு, காத்திருக்கும் பிளேயரை எழுப்புகிறது. நான் பார்த்த சவுண்ட் டிரைவர் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியவைதான். பதில் தாமதமாக வரும், பழையதாக வரும், அல்லது கேள்வியே கேட்கப்படாமல் போகும்.

இப்போது உங்கள் துணுக்கைப் பார்ப்போம். அது சுழல்கிறது என்றால் டிஎம்ஏ ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, எண்களை ஒலிச்சைகையாக மாற்றும் கோடெக் விழித்திருக்கிறது, ஸ்பீக்கர்வரை பாதை திறந்திருக்கிறது. இவ்வளவும் உறுதி. புதிய தரவு மட்டும் வந்து சேரவில்லை. எழுதவேண்டியவருக்கு "இடம் காலியாகிவிட்டது" என்ற செய்தி எட்டவில்லை. ஒன்று, இன்டரப்ட் வரவில்லை. அல்லது வந்தும் டிரைவர் சொல்லும் இடம் நகரவில்லை. ஆகவே கோடெக்கின் பின் (இணைப்பு முனை) அமைப்பு, ஆம்ப்ளிஃபையர் சுவிட்ச், வால்யூம் என்று இணையத்தில் கிடைக்கும் திருத்தங்களை ஒதுக்கி வையுங்கள். அவை சத்தமே வராத நோய்க்கான மருந்துகள். உங்களுக்கு வந்திருப்பது வேறு நோய்.

துணுக்கின் நீளத்தை அளந்துவிடுங்கள். வேறொரு கருவியில் பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தால் எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை அதே உருவம் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ஓட்டம் நடக்கும்போது புராக் அடைவின் அசவுண்ட் பகுதியில் எச்டபிள்யூ_பாராம்ஸ் என்ற கோப்பில் பஃபரின் அளவு இருக்கும். இரண்டும் பொருந்தினால் மேலே சொன்னது நிரூபணமாகிவிட்டது. அரைச்சொல் நீளம் என்கிறீர்கள். 85 மில்லிநொடியாக இருந்தால் நொடிக்குப் பன்னிரண்டு தடவை அடித்து வெறும் தடதடப்பாகத்தான் கேட்டிருக்கும். எனவே பிளேயர்களுக்கும் டிரைவருக்கும் நடுவில் நிற்கும் சவுண்ட் சர்வரான பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ பெரிய பஃபர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறது என்பது என் ஊகம். சோதனைக்கு ஒற்றைச் சுருதி ஒலியைப் பயன்படுத்தாதீர்கள். நான் ஒருமுறை 375 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்துச் சோதித்தேன். அதன் ஒரு சுழற்சி 128 ஃபிரேம். 4,096 ஃபிரேமுக்குள் மிகச்சரியாக 32 சுழற்சிகள் அடங்கும். பஃபர் செத்துப்போய்ச் சுழன்றுகொண்டிருந்தது; ஒட்டே தெரியாமல் இனிமையாக ஒலித்தது. சரிசெய்துவிட்டேன் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டே போகும் ஒரு குரல்பதிவுதான் என் சோதனைக் கோப்பு. எங்கே நின்றது, எங்கே தாவியது என்று காதே சொல்லிவிடும்.

அடுத்தது, சவுண்ட் சர்வரை நிறுத்திவிட்டு ஏபிளே கட்டளையால் நேரடியாக வன்பொருள் சாதனத்துக்கே ஓடவிடுவது. பீரியட் 1,024, பஃபர் 4,096 என்று கட்டளையிலேயே கொடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் அடுத்த சோதனை பொய் சொல்லும். சவுண்ட் சர்வர்கள் டைமரை நம்பியே ஓடக்கூடியவை; பீரியட் இன்டரப்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டும் ஓடும். அந்த நிலையில் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறாததைப் பார்த்துவிட்டு "கண்டுபிடித்துவிட்டேன்" என்று குதிப்பதில் பொருளில்லை. நேரடியாக ஓடும்போது புராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை ஒரு நொடி இடைவெளியில் இருமுறை படியுங்கள். சவுண்ட் சாதனத்தின் வரியில் எண் சுமார் 47 ஏறியிருக்க வேண்டும். 48,000-ஐ 1,024-ஆல் வகுத்தால் வருவது அதுதான். உறங்குவதற்கு முன் ஏறி, எழுந்த பின் ஏறாமல் நின்றால் நோய் இன்டரப்ட் பாதையில். இந்த நிலையில் ஏபிளே சற்று நேரம் காத்திருந்துவிட்டு உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று கைவிரிப்பதும் உண்டு. எண் ஒழுங்காக ஏறியும் துணுக்கு சுழன்றால் நோய் இடம் சொல்லும் பாதையில். இனி இரண்டையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எச்டபிள்யூ_பாராம்ஸ் கோப்புக்குப் பக்கத்திலேயே ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். வன்பொருளின் இடம், பிளேயரின் இடம், காலியிடம் மூன்றும் அதில் தெரியும். பார்க்கத்தான் தோன்றும். ஆனால் அதைப் படிக்கும்போதே கெர்னல் டிரைவரிடம் இடத்தைப் புதிதாகக் கேட்டுக் கணக்கைச் சரிசெய்கிறது, காலியிடம் போதுமானதாக இருந்தால் காத்திருக்கும் பிளேயரையும் எழுப்பிவிடுகிறது. இன்டரப்ட் செத்துப்போன கணினியில் இந்தக் கோப்பைப் படித்துப் பாருங்கள்: ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பாட்டு ஒரு துளி முன்னேறும். முதன்முறை பார்த்தபோது பேய் பிடித்ததோ என்று நினைத்தேன். பிறகுதான் அதுவே அருமையான சோதனை என்று விளங்கியது. கோப்பைப் படித்தால் பாட்டு நகர்கிறது என்றால், இடம் சொல்லும் செயற்கூறு சரியாகவே இருக்கிறது; அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

இன்டரப்ட் பாதையில் நோய் என்று வைத்துக்கொள்வோம். எச்டி ஆடியோவில் ஒரு பீரியட் இன்டரப்ட் செயலியை அடைவதற்கு வரிசையாகப் பல கதவுகள் திறந்திருக்க வேண்டும். பஃபர் எங்கெங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியலில் ஒவ்வொரு பதிவும் 16 பைட். "இது முடிந்ததும் சொல்" என்ற பிட் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. அது முதல் கதவு. அந்த ஒலி ஓட்டத்தின் (ஸ்ட்ரீம்) கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் உள்ள அனுமதி பிட் இரண்டாவது. ஓட்டங்களை நடத்தும் வன்பொருளான கன்ட்ரோலரின் இன்டரப்ட் ரிஜிஸ்டரில் அந்த ஓட்டத்துக்கான பிட்டும், எல்லாவற்றுக்கும் பொதுவான 31ஆம் பிட்டும் மூன்றாவது. சாதனத்தைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ அளவில், இன்டரப்டைச் செய்தியாக அனுப்பும் எம்எஸ்ஐ அமைப்பு நான்காவது. இதில் எது மூடியிருந்தாலும் டிஎம்ஏ தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டுதான் இருக்கும்; கேட்பவருக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்கும். வேறுபடுத்த ஒரு வழி உண்டு. ஓட்டத்தின் நிலை ரிஜிஸ்டரில் "பஃபர் பகுதி முடிந்தது" என்ற பிட்டைப் படித்துப் பாருங்கள். அது 1 ஆகி அப்படியே நின்றால் வன்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது. அதைத் தாண்டிய கதவு ஒன்று மூடியிருக்கிறது. அது 1 ஆகவே ஆகவில்லை என்றால் பட்டியலையே சந்தேகிக்க வேண்டும். பிசிஐ அளவைச் சோதிப்பது எளிது: எம்எஸ்ஐ வேண்டாம் என்ற மாட்யூல் தேர்வை (டிரைவரை ஏற்றும்போது கொடுக்கும் அமைப்பு) வைத்து ஒருமுறை தூங்க வைத்து எழுப்புங்கள். நோய் மறைந்தால் தேடவேண்டிய இடம் தெரிந்துவிட்டது. அதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. குறை சொல்ல மாட்டேன், ஆனால் பிழை அப்படியேதான் இருக்கும்.

நிலை ரிஜிஸ்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சி நன்றாகத் தெரிந்தவர்களே விழும் குழி இது. அந்தப் பிட்டுகளை அழிக்க 0 எழுதக் கூடாது. 1 எழுத வேண்டும். 1 எழுதிய இடம் அழியும், 0 எழுதிய இடம் அப்படியே இருக்கும். வழக்கமான பழக்கத்தில் ரிஜிஸ்டரைப் படித்து, வேண்டிய பிட்டை "ஆர்" (OR) செய்து, திரும்ப எழுதினால் என்ன ஆகும்? படித்தபோது எந்தெந்தப் பிட்டுகள் 1 ஆக இருந்தனவோ அத்தனையும் சேர்ந்து அழியும். நீங்கள் கவனிக்காத ஒரு நிகழ்வும் அதோடு போய்விடும். மூலநிரலில் பார்க்கும்போது அந்த வரி மிக ஒழுக்கமாக, பொறுப்பாக எழுதப்பட்டது போலவே தெரியும். ஆகவே நிலை ரிஜிஸ்டரைத் தொடும் இடங்களை மட்டும் தேடியெடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். பிசிஐயில் எழுதியது உடனே சாதனத்தை அடைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழியில் தங்கி நிற்கலாம். அதே சாதனத்திலிருந்து ஏதாவது ஒன்றைத் திரும்பப் படித்தால்தான் போய்ச் சேர்ந்தது உறுதி. பழைய பாணி, பகிர்ந்துகொள்ளும் இன்டரப்ட் வரியில் இது தவறினால் யாரும் உரிமை கோராத இன்டரப்டுகள் குவியும். ஒரு லட்சத்தில் 99,900-க்கு மேல் அப்படிப் போனால் கெர்னல் "நோபடி கேர்டு" (nobody cared, யாரும் கவனிக்கவில்லை) என்று லாகில் எழுதிவிட்டு அந்த வரியையே அடைத்துவிடும். உங்கள் லாகில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இடம் சொல்லும் பாதையில் நோய் என்றால் கதை வேறு. எச்டி ஆடியோவில் இடத்தை அறிய இரண்டு வழிகள்: கன்ட்ரோலரின் எல்பிஐபி ரிஜிஸ்டரை நேராகப் படிக்கலாம், அல்லது கன்ட்ரோலர் தானே அவ்வப்போது நினைவகத்தில் எழுதிவைக்கும் எண்ணைப் படிக்கலாம். இரண்டாவது வழியில், எந்த நினைவக முகவரியில் எழுத வேண்டும் என்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ரிஜிஸ்டர் உறக்கத்தில் அழிந்து, எழுந்த பின் யாரும் நிரப்பாவிட்டால், நினைவகத்தில் பழைய எண்ணே உறைந்து நிற்கும். "வன்பொருள் நகரவே இல்லை, எழுத இடமில்லை" என்று மேலே இருப்பவர்கள் கை கட்டிக்கொண்டிருப்பார்கள். கீழே துணுக்கு சுழலும். பொசிஷன்_ஃபிக்ஸ் என்ற மாட்யூல் தேர்வை 1 என்று கொடுத்தால் டிரைவர் எல்பிஐபியைப் படிக்கும். அதனால் நோய் தீர்ந்தால் குற்றவாளி நினைவகத்தில் உள்ள எண். மைய லினக்ஸ் கெர்னலில் உள்ள டிரைவர் இந்த முகவரியைத் திரும்ப எழுதுகிறது. உங்களுடையது உற்பத்தியாளர் தனியாகத் தந்த டிரைவர் என்றால் இந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

இடம் தவறாக வருவது எப்போதும் இப்படி வெளிப்படையாக இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகையில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டு கண்ணிமைக்கும் நேரம் தடுக்கும். லாகில் பஃபர் வறண்டுவிட்டது என்ற செய்தி. செயலியோ சும்மா இருந்தது. வறள்வதற்குக் காரணமே இல்லை. பஃபர் 1,31,072 பைட். ஒவ்வொரு முறை இடம் கேட்கப்படும்போதும் வந்த எண்ணை நினைவகத்தில் குறித்துக்கொண்டே போனேன். மறுநாள் காலையில் பார்த்தால் ...65,516, 65,532, 0, 65,604... என்று ஓர் இடம். நடுவில் அந்த 0 எங்கிருந்து வந்தது? சில்லில் எண் 16 பிட்டாக இரண்டு பாதியாக இருந்தது. டிரைவர் முதலில் மேல்பாதியைப் படித்தது: 0. கீழ்பாதியைப் படிக்கப் போவதற்குள் எண் 65,535-ஐத் தாண்டிவிட்டது; கீழ்பாதி 0 ஆகி, மேல்பாதி 1 ஆகிவிட்டது. டிரைவர் பழைய மேல்பாதியையும் புதிய கீழ்பாதியையும் ஒட்டி 0 என்று சொன்னது. எண் பின்னால் போனால் வட்டத்தைச் சுற்றி வந்துவிட்டது என்றுதான் அல்சா கொள்ளும். 65,532-லிருந்து சுற்றி 0-க்கு வருவது 65,540 பைட், நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஒலி. அடுத்த அழைப்பில் சரியான எண் வந்ததும் இன்னொரு 65,604 பைட் ஓடியதாகச் சேர்ந்துகொண்டது. ஆக, பஃபர் முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டப்பட்டது. திருத்தம் நான்கு வரி: மேல்பாதி, கீழ்பாதி, மறுபடி மேல்பாதி, இரண்டு மேல்பாதிகளும் ஒன்றாக இல்லாவிட்டால் மீண்டும் படி. அந்த எண் 0.34 நொடிக்கு ஒருமுறை எல்லையைத் தாண்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே தாண்டுவதுதான் அபூர்வம்.

உங்கள் பிழை உறக்கத்தோடு வருவதால் நிழல் மதிப்பு என்று ஒன்றையும் பார்க்க வேண்டும். ரிஜிஸ்டரை அடிக்கடி படிப்பது செலவு என்று டிரைவர்கள் கடைசியாக எழுதிய மதிப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும். "புதிய மதிப்பும் பழையதும் ஒன்றா? அப்படியானால் எழுத வேண்டாம்" என்று முன்கூட்டியே திரும்பிவிடும் ஒரு சிறு சோதனையும் இருக்கும். சில்லின் மின்சாரம் போய்வந்த பின் சில்லில் இருப்பது தொடக்க மதிப்பு. டிரைவரின் நிழலில் இருப்பது நேற்றைய மதிப்பு. திற என்று எத்தனை முறை சொன்னாலும் "ஏற்கெனவே திறந்துதானே இருக்கிறது" என்று செயற்கூறு திரும்பிவிடும். மறுதொடக்கத்தில் நிழலும் புதிதாகப் பிறப்பதால் எல்லாம் சரியாகிவிடும். நீங்கள் விவரிக்கும் போக்கோடு இது நன்றாகவே பொருந்துகிறது. பொருந்துவது மட்டுமே ஆதாரம் ஆகாது. உறங்குவதற்கு முன் ஓட்டம் சரியாக நடக்கும்போது ரிஜிஸ்டர்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள், எழுந்த பின் அதே கோப்பை ஓடவிட்டு மறுபடி எடுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். நகரும் எண்களைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நிழல் மதிப்புகளைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும் ரெக்மேப் வசதியைப் பயன்படுத்தும் டிரைவர் என்றால், உறங்கும்போது நிழலை அழுக்கானது என்று குறிப்பதும், எழும்போது முழுவதையும் திரும்ப எழுதுவதும் நடக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றை மறந்த டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்; நானே அப்படி ஒன்றை எழுதியும் இருக்கிறேன்.

தேடும்போது இன்டரப்ட் செயற்கூற்றுக்குள் அச்சிடும் வரிகளைத் தூவாதீர்கள். சீரியல் கன்சோல் 1,15,200 வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,520 எழுத்துதான் அனுப்பும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 7 மில்லிநொடி, அதாவது பீரியடில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வரி போட்டால் நீங்களே புதிய கரகரப்பை உண்டாக்கிவிட்டு அதையே துரத்திக்கொண்டிருப்பீர்கள். கெர்னலின் தடம்பதியும் கருவியான எஃப்டிரேஸ் வசதி நினைவகத்தில் மட்டும் குறித்துக்கொள்ளும், காலமுத்திரையும் தரும். பலகைக் கதையில் அந்த 0-ஐப் பிடித்தது அப்படித்தான்.

திருத்தம் எழுதும்போது இரண்டு சபலங்கள் வரும். ஒன்று, எங்காவது ஒரு தாமதத்தைச் சேர்ப்பது. தாமதம் சேர்த்ததும் பிழை மறைந்தால் நேரப்போட்டி (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவது) ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. தீர்ந்தது என்று பொருளில்லை. காரணமுள்ள தாமதம் வேறு: கன்ட்ரோலரை ரீசெட்டிலிருந்து எடுத்த பின் கோடெக்குகள் தம்மை அறிவிக்கக் குறைந்தது 521 மைக்ரோநொடி, அதாவது 25 ஃபிரேம் நேரம், காத்திருக்க வேண்டும் என்று வரையறையே சொல்கிறது. அப்படி ஒரு வாக்கியத்தைக் காட்ட முடிந்தால் தாமதத்தை எழுதுங்கள். இன்னொன்று, பயத்தில் எங்கும் பூட்டு (ஒரே நேரத்தில் இருவர் ஒரு தரவைத் தொடாமல் தடுப்பது) போடுவது. பீரியட் முடிந்தது என்று மையப்பகுதிக்குச் சொல்லும் அழைப்பு தானே ஓட்டத்தின் பூட்டை எடுக்கும். அங்கிருந்து உங்கள் பாயின்ட்டர் செயற்கூற்றுக்கே திரும்பி வரும். உங்கள் சொந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டே அதை அழைத்து, பாயின்ட்டர் செயற்கூறும் அதே பூட்டைக் கேட்டால் கணினி அந்த இடத்திலேயே உறைந்துவிடும். அழைப்பதற்கு முன் பூட்டை விடுங்கள்.

பழைய கெர்னல் ஒன்றில் இந்த நோய் இல்லை என்று உங்களுக்கு நினைவிருந்தால் மேலே சொன்னதில் பாதியைத் தள்ளிவைத்துவிட்டு கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது) செய்யுங்கள். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு முறை கட்டி, தூங்க வைத்து எழுப்பினால் ஒரே மாற்றத்தில் வந்து நிற்பீர்கள். அலுப்பான வேலை, ஆனால் யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒருமுறைக்குப் பதிலாக ஐந்து முறை தூங்க வைத்துப் பாருங்கள். எப்போதாவது வரும் பிழையில் ஒரே ஒரு "நன்று" தவறாகப் போனாலும் மீதிப் படிகள் எல்லாம் வீண்.

இங்கிருந்து என்னால் முடிவு செய்ய முடியாதவையும் உண்டு. கணினியின் பயாஸ் எழும்போது பிசிஐ அமைப்பைச் சரியாகத் திருப்பித் தராமல் இருக்கலாம். அப்படியானால் டிரைவரில் நீங்கள் எழுதுவது ஒட்டுவேலைதான், ஆனாலும் அந்த மாதிரிக் கணினிக்கு மட்டும் பொருந்தும் விதிவிலக்காக எழுதினால் அது மதிப்புள்ள ஒட்டுவேலை. வன்பொருளே பழுதாக இருக்கலாம். மறுதொடக்கத்தில் தவறாமல் சரியாவதால் அதற்கு வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். கணினியையே மென்பொருளால் போலச் செய்யும் கியூஈஎம்யூவில் எச்டி ஆடியோவைப் போலச் செய்யும் சாதனம் உண்டு. பூட்டுப் பிழைகளையும் தவறான முகவரிகளையும் பிடிக்க அது நல்ல இடம். உங்கள் நேரப்பிழையை அதில் பிடிப்பது அரிது. சோதிக்கும்போது ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். தவறான தரவு முழு உரப்பில் வெடித்து வருவதுண்டு. பழைய கெர்னலை பூட் பட்டியலில் விட்டுவையுங்கள்.

இப்போதைக்கு நான்கு விவரங்கள் வேண்டும்: கெர்னல் பதிப்பும் சில்லின் பெயரும், ஏபிளே நேராக ஓடும்போது உறக்கத்துக்கு முன்னும் பின்னும் நொடிக்கு எத்தனை இன்டரப்ட், ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தால் பாட்டு நகர்கிறதா, பொசிஷன்_ஃபிக்ஸ் 1 என்றும், எம்எஸ்ஐ இல்லாமலும் தனித்தனியாக ஓட்டினால் என்ன ஆகிறது. இவற்றை எழுதுங்கள், எந்தச் செயற்கூறு என்பதுவரை சேர்ந்து பார்த்துவிடலாம்.